இரவல் மனிதர்கள்

உழவு மாட்டை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் பழைய வழக்கம். இரவல் வாங்கியவர் மாட்டுக்குத் தீனி போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், கட்டிவைக்க ஒரு கொட்டில் தர வேண்டும். வேலை முடிந்தபின் உரியவரிடம் ஓட்டிவிட வேண்டும். மாட்டின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. அதற்குக் கூலியும் இல்லை. இதே ஏற்பாட்டை மனிதர்கள்மீது, அதுவும் பத்தாயிரக்கணக்கான மனிதர்கள்மீது, அரை நூற்றாண்டுக்காலம் நடத்திக் காட்டியது ஓர் அரசு. அந்த அரசு தன்னைக் கிறிஸ்தவ அரசு என்றே அழைத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் தொடக்க வரலாற்றில் 'ஒப்படைப்பு முறை' என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு, மனிதரை மனிதர் ஆள்வதைப் பற்றி நமக்குச் சொல்லும் பாடம் எளிதில் மறக்கக்கூடியதன்று.

கப்பல் ஏறியவர்கள்

18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் சிறு திருட்டுக்கும் தூக்குக்கயிறு காத்திருந்தது. தூக்கிலிட மனம் வராத வழக்குகளில் குற்றவாளிகளைக் கடல்கடந்து அனுப்பும் தண்டனை பயன்பட்டது. முதலில் அவர்கள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். 1775இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் அந்த வாசல் அடைபட்டது. 1776 முதல் தேம்ஸ் ஆற்றில் பழைய கப்பல்களையே சிறைகளாக்கிக் கைதிகளை அடைத்தார்கள். அவையும் நிரம்பி வழிந்தபோதுதான் உலகின் மறுகோடியிலிருந்த நியூ சவுத் வேல்ஸ் ஆட்சியாளர்களின் நினைவுக்கு வந்தது.

1787 மே 13ஆம் நாள் ஆர்தர் பிலிப் தலைமையில் 11 கப்பல்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையை விட்டுப் புறப்பட்டன. 1788 சனவரி 26ஆம் நாள் சிட்னி வளைகுடாவில் கொடி ஏற்றப்பட்டது. அன்று தொடங்கி 1868 வரை, 80 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய 25,000 பேர் பெண்கள். தண்டனைக்காலம் பெரும்பாலும் 7 ஆண்டு, 14 ஆண்டு, அல்லது ஆயுள். ஏழாண்டுத் தண்டனை முடிந்தாலும் ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் தருவார் இல்லை. ஆகவே பெரும்பாலோர்க்கு எல்லாத் தண்டனையும் ஆயுள் தண்டனையாகவே முடிந்தது.

பயணமே பலருக்கு மரணமாயிற்று. 1790இல் வந்த இரண்டாம் கப்பல் அணியை நடத்தியது, அடிமை வாணிபத்தில் பழகிய ஒரு தனியார் நிறுவனம். ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று அதற்குப் பணம் தரப்பட்டது. உயிரோடு இறக்கிய தலைக்கு அன்று. இந்த ஒரு சொல் வேறுபாட்டுக்கு விலையாக, ஏறத்தாழ 1,000 கைதிகளில் நான்கில் ஒரு பங்கினர் வழியிலேயே மாண்டனர். ஒப்பந்தம் எழுதிய எழுத்தர் கொலைகாரர் அல்லர். ஆனால் அவருடைய மை கொன்றது.

இவர்கள் யார்? எல்லாரும் பசிக்கு ரொட்டி திருடிய ஏழைகள் என்று சொல்வதும் மிகை. எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்வதும் பொய். பெரும்பாலோர் திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட கூலித் தொழிலாளர்கள், பணிப்பெண்கள், நகரத்துச் சிறுவர்கள். 1798ஆம் ஆண்டின் அயர்லாந்துக் கிளர்ச்சியில் பங்குகொண்டவர்கள், 1834இல் தொழிலாளர் சங்கம் அமைத்து இரகசிய உறுதிமொழி எடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட டால்படில் சிற்றூரின் ஆறு உழவுத் தொழிலாளர்கள் போன்ற அரசியல் கைதிகளும் அவர்களிடையே இருந்தனர்.

ஒப்படைப்பு என்னும் ஏற்பாடு

வந்து இறங்கிய கைதிகளில் ஒரு பகுதியினரை அரசு சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் வைத்துக்கொண்டது. மற்றவர்களைத் தனியார் குடியேறிகளிடம் ஒப்படைத்தது. நிலம் வைத்திருப்பவர் விண்ணப்பம் போடுவார். அரசு ஆளை அனுப்பும். 1822இல் ஆளுநர் பிரிஸ்பேன் ஒரு விதி செய்தார்: இலவச நிலம் பெறுவோர் ஒவ்வொரு 100 ஏக்கருக்கும் ஒரு கைதியை வைத்துப் பராமரிக்க வேண்டும். அரசுக்குச் சோற்றுச் செலவு மிச்சம். நிலக்காரருக்குக் கூலி மிச்சம். இரு தரப்பும் இலாபம் அடைந்த இந்த வணிகத்தில் மூன்றாம் தரப்பை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

எசமானர் தர வேண்டியவை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தன. வாரத்திற்கு 12 ராத்தல் கோதுமை, 7 ராத்தல் இறைச்சி, சிறிது உப்பு, சிறிது சோப்பு; ஆண்டுக்கு இரண்டு மேலாடை, மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, மூன்று சோடி காலணி, ஒரு தொப்பி. தேநீரும் சர்க்கரையும் புகையிலையும் எசமானரின் தயவைப் பொறுத்தவை. நன்னடத்தையோடு இருந்தால் ஏழாண்டுக் கைதிக்கு 4 ஆண்டிலும், 14 ஆண்டுக் கைதிக்கு 6 ஆண்டிலும், ஆயுள் கைதிக்கு 8 ஆண்டிலும் 'விடுப்புச் சீட்டு' கிடைக்கலாம். அது கிடைத்தால் தனக்கென்று வேலை தேடிக் கூலி பெறலாம். ஆனால் அந்தச் சீட்டுக்கு எசமானரின் நல்லெண்ணம் தேவை. நல்ல உழைப்பாளியை எந்த எசமானர் எளிதில் விட்டுக்கொடுப்பார்?

எனவே ஒருவருடைய வாழ்வு எத்தகைய வீட்டில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்தே அமைந்தது. குலுக்குச்சீட்டுப் போன்ற நிலை அது. மேரி ஹேடாக் என்ற சிறுமி, குதிரை திருடிய குற்றத்திற்காக 1792இல் சிட்னி வந்து சேர்ந்தாள். இராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்தில் குழந்தை பார்க்கும் பணிக்கு ஒப்படைக்கப்பட்டாள். 1794இல் தாமஸ் ரைபி என்பவரை மணந்தாள். 1811இல் கணவர் இறந்தபோது ஏழு பிள்ளைகளோடு நின்ற அவர், கப்பலும் கிடங்கும் கடையுமாக வாணிபத்தைத் தாமே நடத்தி, அக்குடியேற்றத்தின் செல்வர்களுள் ஒருவரானார். ஆஸ்திரேலியாவின் 20 டாலர் தாளில் இருக்கும் முகங்களுள் ஒன்று அவருடையது.

மறுபக்கமும் உண்டு. டால்படில் தொழிலாளர்களில் இளைஞரான ஜேம்ஸ் பிரைன், ஹன்டர் ஆற்றங்கரையில் கிளெண்டன் பண்ணையின் இராபர்ட் ஸ்காட்டிடம் ஒப்படைக்கப்பட்டார். வழியில் கொள்ளையர்கள் அவருடைய உடையையும் காலணியையும் போர்வையையும் பறித்துக்கொண்டார்கள். வெறுங்காலோடு வந்து நின்றவர்க்கு மாற்று உடை கொடுக்கப்படவில்லை. மறுமுறை வழங்கும் காலம் இன்னும் வரவில்லை என்பதே காரணம். விதி மீறப்படவில்லை. கொடுமை விதிப்படியே நடந்தது. இந்த இராபர்ட் ஸ்காட் அப்பகுதியின் நீதிபதியும் ஆவார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம். மறுபடியும் சந்திக்க வேண்டியிருக்கும்.

உட்பகுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் ஆடு மேய்த்தார்கள். ஆள் நடமாட்டமற்ற வெளியில் ஒரு குடிசை, இரண்டு மேய்ப்பர்கள், ஒரு குடிசைக் காவலர். மாதக்கணக்கில் வேறு மனித முகம் காண்பதரிது. ஓர் ஆடு காணாமற்போனால் மேய்ப்பனின் முதுகில் கசை விழும். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் அந்த எசமானர்கள். ஆட்டின் அருமையை மட்டும் கற்றுக்கொண்டார்கள். மேய்ப்பனின் அருமையை அன்று.

எசமானரே நீதிபதி

எசமானர் தம் கையால் கைதியை அடிக்கச் சட்டம் இடந்தரவில்லை. நீதிபதியின்முன் கொண்டுபோக வேண்டும். பெரிய பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் நீதிபதி யார்? பக்கத்துப் பண்ணைக்காரர். இன்று இவருடைய கைதிக்கு அவர் தீர்ப்பளிப்பார்; நாளை அவருடைய கைதிக்கு இவர். சோம்பல், துடுக்கான பேச்சு, குடி, ஓடிப்போதல் என்று எல்லாவற்றுக்கும் கசையடி உண்டு. 1831இல் ஆளுநராக வந்த ரிச்சர்டு பர்க், தனி நீதிபதி ஒருவர் 50 அடிக்குமேல் விதிக்கக் கூடாதென்று 1832இல் சட்டம் செய்தார். ஹன்டர் பகுதிப் பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தனர். ஆளுநரின் இரக்கத்தால் கைதிகள் கெட்டுப்போகிறார்கள் என்பது அவர்கள் முறையீடு.

1833 நவம்பரில் அதே பகுதியில், ஜேம்ஸ் மூடி என்பவரின் காஸில் போர்ப்ஸ் பண்ணையில் ஒப்படைக்கப்பட்ட கைதிகள் சிலர் எழுந்தார்கள். பண்ணையைக் கொள்ளையிட்டார்கள், மூடியின் மருமகனும் பங்காளியுமான லார்னாக்கை நோக்கிச் சுட்டார்கள், குறி தவறியது. ஒருவரும் கொல்லப்படவில்லை. அயர்லாந்துக் கத்தோலிக்கரான வழக்கறிஞர் ரோஜர் தெரி அவர்களுக்காக வாதாடினார். தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளை விசாரிக்க வேண்டுமென்று கைதிகள் நீதிமன்றத்தில் கேட்டார்கள். ஐவர் தூக்கிலிடப்பட்டனர், அவர்களுள் இருவருக்குத் தூக்கு மரம் அந்தப் பண்ணையிலேயே நடப்பட்டது. பின்னர் விசாரணை நடந்தது; பண்ணையாளர்களுக்குத் தண்டனை ஏதுமில்லை. மூடியும் ஒரு நீதிபதியாக இருந்தவர். 1836இல் அவர் பெயர் நீதிபதிகள் பட்டியலிலிருந்து விடுபட்டது. அவ்வளவே.

பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்கு ஒப்படைக்கப்பட்டனர். மூடிய கதவுக்குள் நடப்பதற்குச் சாட்சி இல்லை. கருவுற்ற பெண் வேலைக்கு ஆகாதவள் என்று திருப்பி அனுப்பப்பட்டாள். அவளை ஏற்க 1821இல் பாரமட்டாவிலும் 1828இல் ஹோபார்ட்டின் காஸ்கேட்ஸ் என்னுமிடத்திலும் 'பெண்கள் ஆலை' என்ற பெயரில் சிறைகள் எழுந்தன. அங்கே பெற்ற குழந்தை பால் மறந்ததும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு அநாதை இல்லத்திற்கு அனுப்பப்பட்டது. தாய் உயிரோடிருக்கவே அநாதையான குழந்தைகள் அவை. குற்றத்தில் பங்குள்ள ஆண் எந்த ஏட்டிலும் குற்றவாளியாகப் பதியப்படவில்லை.

குருவற்ற மந்தை

கைதிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அயர்லாந்தைச் சேர்ந்தவர். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தொடக்க ஆண்டுகளில் அவர்களும் ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்குச் செல்லக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த முதல் குருக்களும் கைதிகளே. 1798 கிளர்ச்சியின் பெயரால் நாடு கடத்தப்பட்ட அருள்தந்தை ஜேம்ஸ் டிக்சனுக்கு ஆளுநர் கிங் அனுமதி அளிக்க, 1803 மே 15ஆம் நாள் சிட்னியில் திருப்பலி நிறைவேறியது. பலிப்பீடத்தில் நின்றவரும் கைதி, முழந்தாளிட்டவர்களும் கைதிகள். 1804 மார்ச்சில் காஸில் ஹில் பகுதியில் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். சரணடையுமாறு அவர்களிடம் எடுத்துச்சொல்ல டிக்சனும் சென்றார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர், திருப்பலிக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது.

1817இல் அரசின் ஒப்புதலின்றி வந்த அருள்தந்தை ஜெரமையா ஓபிளின் அடுத்த ஆண்டே பிடித்து வெளியேற்றப்பட்டார். அவர் விட்டுச்சென்ற நற்கருணை ஒரு வீட்டில் காக்கப்பட்டதென்றும், குரு இல்லாத அந்நாட்களில் பொதுநிலையினர் அதைச் சுற்றிக் கூடிச் செபித்தார்கள் என்றும் சிட்னிக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 1820 மே மாதத்தில்தான் அருள்தந்தையர் ஜான் ஜோசப் தெரியும் பிலிப் கொனொலியும் அரசின் ஒப்புதலோடு வந்து சேர்ந்தனர். கொனொலி அடுத்த ஆண்டு வான் டீமன்ஸ் நிலம் என்று அழைக்கப்பட்ட இன்றைய டாஸ்மேனியாவுக்குச் சென்றுவிட, நியூ சவுத் வேல்ஸ் முழுவதும் தெரி ஒருவரின் பங்காயிற்று. சாலைக் கும்பல்களையும் சிறைகளையும் தொலைதூரப் பண்ணைகளையும் அவர் குதிரைமீதே தேடித் திரிந்தார். சில ஆண்டுகளில் அரசு அவருடைய பதவியையும் ஊதியத்தையும் பறித்தது. அவர் பணியை நிறுத்தவில்லை. மந்தையும் அவரை விடவில்லை.

1835இல் முதல் ஆயராக வந்த ஜான் பீட் போல்டிங் அரசோடு ஓர் ஏற்பாடு செய்தார். கப்பலில் வந்திறங்கும் கத்தோலிக்கக் கைதிகள் பண்ணைகளுக்கு அனுப்பப்படுமுன் சில நாட்கள் சிட்னியில் நிறுத்தப்படுவர். ஆயரும் குருக்களும் அவர்களுக்குப் போதனையளித்து ஒப்புரவு அருள்சாதனம் வழங்குவர். இரவல் கொடுக்கப்படும் முன்பு சில நாட்களாவது அவர்கள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்கள்.

ஒரே குடிசையில் இருவர்

இதுவரை கைதிகளைத் துன்புறுவோராகவே கண்டோம். வரலாறு அத்தோடு நிற்க விடவில்லை. அவர்கள் மேய்த்த புல்வெளிகள் வெற்று நிலமல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணின் மக்கள் வாழ்ந்த நிலம். எசமானர்களின் மந்தைகள் உள்நோக்கி நகர்ந்தபோது முன்னால் அனுப்பப்பட்டவர்கள் ஒப்படைக்கப்பட்ட கைதிகளே.

1838இல் மயால் கிரீக் என்னுமிடத்தில், ஹென்றி டாங்கர் என்பவரின் மந்தை நிலையத்தில், விரயராய் மக்கள் சிலர் தங்கியிருந்தனர். அங்கே சார்லஸ் கில்மைஸ்டர், ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற இரு கைதிகள் பணிபுரிந்தனர். கில்மைஸ்டர் அம்மக்களோடு நட்போடு பழகியவர். சூன் 10ஆம் நாள் ஆயுதம் தாங்கிய குதிரைவீரர் கூட்டம் ஒன்று வந்தது. தலைமை தாங்கியவர் சுதந்திரமாகப் பிறந்த குடியேறி ஒருவர், ஏனையோர் கைதிகளும் முன்னாள் கைதிகளும். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாயிருந்த 28 பேரைக் கயிற்றால் பிணைத்து இழுத்துச் சென்று வெட்டிக் கொன்றார்கள். கில்மைஸ்டர் அவர்களோடு சேர்ந்து போனார். ஆண்டர்சன் போக மறுத்தார்.

இருவரும் கைதிகள். இருவரும் ஒரே எசமானரின் சோற்றை உண்டவர்கள். ஒரே தனிமை, ஒரே அச்சம். ஒருவர் நண்பர்களைக் கொல்லக் குதிரை ஏறினார். மற்றவர் தனியாக நின்றார். சூழ்நிலையே மனிதனை முழுவதும் உருவாக்குகிறது என்போர் இந்தக் குடிசையின்முன் சிறிது நின்று சிந்திக்க வேண்டும்.

மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் செய்தியை அதிகாரிகளுக்கு அறிவித்தார். அரசுத் தலைமை வழக்கறிஞரான ஜான் ஹியூபர்ட் பிளங்கெட், அயர்லாந்துக் கத்தோலிக்கர், பதினொருவர்மீது வழக்குத் தொடுத்தார். ரோஜர் தெரி அவருக்குத் துணை நின்றார். நிலக்காரர்கள் நிதி திரட்டிக் கொலையாளிகளுக்கு வழக்கறிஞர்களை அமர்த்தினார்கள். அம்முயற்சியில் முன்னின்றவர், பிரைனுக்கு உடை மறுத்த அதே இராபர்ட் ஸ்காட். கைதிகளைக் கசையால் அடிப்பித்த வர்க்கம், அதே கைதிகள் கறுப்பின மக்களைக் கொன்றபோது அவர்களுக்குக் காவலாக நின்றது! அந்த மண்ணின் மகன் ஒருவரின் சாட்சியம் ஏற்கப்படவில்லை. கிறிஸ்தவரல்லாத அவர் விவிலியத்தின்மீது ஆணையிட முடியாது என்பது சட்டம். ஆகவே வழக்கு முழுவதும் ஆண்டர்சன் என்ற கைதியின் வாய்ச்சொல்லைச் சார்ந்து நின்றது. முதல் விசாரணையில் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். பிளங்கெட் விடவில்லை, எழுவர்மீது மீண்டும் வழக்காடினார். 1838 டிசம்பர் 18ஆம் நாள் கில்மைஸ்டர் உட்பட எழுவரும் தூக்கிலிடப்பட்டனர். தலைமை தாங்கிய குடியேறி பிடிபடவே இல்லை. இரவல் ஆள்கள் தண்டனை பெற்றார்கள், சுதந்திரமானவர் தப்பினார். இங்கும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது.

உண்மை பேசிய துறவி

1833இல் சிட்னிக்கு வந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி வில்லியம் பெர்னார்டு உல்லத்தோர்ன் அப்போது இருபத்தாறு வயதினர். 1834இல் நார்போக் தீவில் கலகம் செய்து மரண தண்டனை பெற்ற கைதிகளிடம் அவர் அனுப்பப்பட்டார். யார் யார் பிழைப்பார், யார் யார் சாவார் என்ற பட்டியலை வாசிக்கும் கடமை அவருடையதாயிற்று. உயிர் பிழைத்தவர்கள் அழுதார்கள். சாக வேண்டியவர்கள் முழந்தாளிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். இதைப் பின்னாளில் அவரே பதிவு செய்தார். வாழ்வைச் சாபமாகவும் சாவை வரமாகவும் மாற்றிவிட்ட ஓர் ஏற்பாட்டைப் பற்றி இதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறு வேண்டுமோ?

1838இல் இலண்டனில், வில்லியம் மோல்ஸ்வொர்த் தலைமையிலான பாராளுமன்றக் குழுவின்முன் அவர் சாட்சியமளித்தார். நாடு கடத்தலின் கொடுமைகளை எளிய மக்களும் அறிய ஒரு சிறு நூலையும் அதே ஆண்டு வெளியிட்டார். ஆகஸ்டில் வந்த குழுவின் அறிக்கை ஒப்படைப்பு முறையை அடிமை முறையோடு ஒப்பிட்டுக் கண்டித்தது. அடிமை முறை 1834இல் ஒழிந்ததாகப் பறைசாற்றிய பேரரசுக்கு அது நாணம் தரும் ஒப்பீடு. ஒப்படைப்பு படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1840இல் நியூ சவுத் வேல்ஸுக்கும், 1853இல் வான் டீமன்ஸ் நிலத்துக்கும், 1868இல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் கைதிகளை அனுப்புவது நின்றது. ஆனால் உல்லத்தோர்ன் சிட்னி திரும்பியபோது ஊரே அவரைத் தூற்றியது. இலவச உழைப்பை இழந்தவர்களுக்கு இழப்புக் கோபம். விடுதலை பெற்றுத் தலைநிமிர்ந்தவர்களுக்குத் தங்கள் பழைய காயத்தைத் திறந்துவிட்டாரே என்ற வருத்தம். முன்னதற்கு நாம் அனுதாபப்பட வேண்டியதில்லை. பின்னது நியாயமான வலி. உண்மை சில வேளைகளில், யாருக்காகப் பேசப்படுகிறதோ அவர்களையே முதலில் சுடுகிறது.

நமக்கு எஞ்சுவது

புனித பவுல் ஓடிப்போன அடிமை ஒனேசிமுவைப் பிலமோனிடம் திருப்பி அனுப்பியபோது ஒரு சிறு மடலும் அனுப்பினார். அவனை அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்பதே அதன் சாரம். ஆஸ்திரேலியப் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்ட கைதிகளும் ஒரு தாளோடுதான் போனார்கள். அதில் பெயர், குற்றம், தண்டனைக்காலம், தெரிந்த தொழில் எல்லாம் இருந்தன. சகோதரன் என்ற சொல் மட்டும் இல்லை.

கொடியவர்கள் சிலர் இருந்ததால் மட்டும் அந்த முறை கெட்டதாகவில்லை. நல்ல எசமானர்களும் இருந்தார்கள். நல்ல எசமானர் வாய்த்தால் நன்மை, தீயவர் வாய்த்தால் தீமை என்று ஒரு மனிதனின் உயிரை மற்றொரு மனிதனின் குணத்துக்கு அடகு வைத்ததே அதன் அடிப்படைத் தீமை. உழைக்க வந்தவரின் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் எசமானர்கள் நம் காலத்திலும் உண்டு. நம் வீட்டு வேலைக்காரரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் அந்த வரிசையில் வைத்தே கேட்கத்தக்க கேள்வி. நாங்கள் நல்லவர்கள் என்பது விடையாகாது. அவருக்கு உரிமை இருக்கிறதா என்பதே கேள்வி.

கைதிகளின் வழித்தோன்றல்கள் நெடுங்காலம் தங்கள் முன்னோரை மறைத்தார்கள்; இன்று பெருமையோடு தேடுகிறார்கள். 2010இல் கைதிகளோடு தொடர்புடைய 11 இடங்கள் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 2000 சூன் 10ஆம் நாள், மயால் கிரீக்கில் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் வழிவந்தோரும் கொன்றவர்களின் வழிவந்தோரும் அங்கே ஒன்றாக நின்றார்கள். 162 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த ஒப்புரவு அது. அன்று அந்தக் குடிசையில் போக மறுத்து நின்ற ஒரு கைதி உண்மையைச் சொல்லியிராவிட்டால், ஒப்புரவாகவேண்டிய பிழை எது என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது.